ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மதுரை கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையை வழிகாட்டியோடு ஒரு நாள் முழுக்க நடந்தே பார்க்கும் ஏற்பாட்டுக்கு இப்போது நல்ல கிராக்கி. வெளியூர்க்காரர்களோடு உள்ளூர்ப் பள்ளிகளும் ஓய்வுபெற்றோர் குழுக்களும்கூட விசாரிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் விளம்பரங்களில் பெரும்பாலும் 'காலை 9 முதல் மாலை 5 வரை' என்று போடுகிறார்கள். மதுரையில் நடப்பதற்கு இதைவிடப் பொருந்தாத நேரம் கிடையாது.

மீனாட்சி அம்மன் கோவில் பகல் 12.30 மணிவாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். ஊருக்குள் இருக்கும் மற்ற பழைய கோவில்களும் உச்சிவேளையில் சாத்தியே இருக்கும். ஒன்பது மணிக்குக் கூடுகிற குழு, ஆள் வந்து சேர்ந்து, செருப்பையும் கைபேசியையும் ஒப்படைத்து, சோதனை வரிசையைத் தாண்டி உள்ளே போகும்போது பத்தே காலோ பத்தரையோ ஆகிவிடும். பதினொரு மணிக்கு, கோவில் மதிலுக்கு உள்ளே சுற்றி வரும் ஆடி வீதியின் கல் காலைச் சுடும். அதற்குப் பிறகு வழிகாட்டி என்ன சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. எல்லார் கண்ணும் அடுத்த நிழலைத்தான் தேடும். நடை சாத்தியதும் வெளியே வந்தால், பார்க்க வேண்டிய இடங்களில் பாதி பூட்டியிருக்கிற நேரத்தில், உச்சி வெயிலில், மூன்றரை மணி நேரத்தை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். ஊர் மறுபடி திறந்து சூடு தணிய ஆரம்பிக்கும்போது, ஐந்து மணிக்கு, நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

நாளை இரண்டாகப் பிரித்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதிகாலை 5.45 முதல் 11.30 வரை ஒரு நடை. மாலை 4 முதல் இரவு 9.30 வரை இன்னொன்று. நடுவில் நாலரை மணி நேரம் சாப்பாடும் தூக்கமும். 'காசு கொடுத்துவிட்டுத் தூங்குவதா' என்று சிலர் கேட்பார்கள். அந்த இடைவேளையை விட்டுக்கொடுத்த குழு எதுவும் இரவு பள்ளியறைப் பூஜை வரை தாங்காது. மொத்தம் நடப்பது ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆளைச் சாய்ப்பது தூரமில்லை, வெயிலும் நின்றுகொண்டே கேட்பதும்தான்.

காலை நடையைக் கோவிலிலேயே தொடங்குவது நல்லது. ஆறு மணிக்குக் கல் குளிர்ந்திருக்கும், தரிசன வரிசை குறைவு, தூண்களுக்கு இடையே நின்று பேச இடம் கிடைக்கும். கோவிலுக்குள் கைபேசிக்கு 2018 முதல் தடை. எனவே கைபேசி, கேமரா இரண்டையும் தங்கும் அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். இருபது பேர் தனித்தனியாக டோக்கன் வாங்கினால் போகும்போது கால் மணி, வரும்போது கால் மணி வீண். அரைக்கால் சட்டை போட்டு வருபவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதையும் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். அதிகாலையில் வேட்டி வாங்கக் கடை திறந்திருக்காது. கயிறு கட்டும் ஷூ வேண்டாம், மாட்டிக் கழற்றும் செருப்பே வசதி. செருப்பு விஷயத்தில் அடிக்கடி நடக்கும் குளறுபடி ஒன்று உண்டு: கிழக்கு வாசலில் விட்டுவிட்டுத் தெற்கு வாசலில் வெளியேறுவது. கோவிலின் வெளி மதிலே ஏறத்தாழ 250 மீட்டர் நீளம், 240 மீட்டர் அகலம். வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்றி வரும்போதுதான் அந்தக் கணக்கு உறைக்கும். எந்த வாசலில் நுழைகிறோமோ அதிலேயே வெளியே வருகிற மாதிரி வழி போடுவது வழிகாட்டியின் பொறுப்பு.

உள்ளே எல்லாவற்றையும் காட்ட முயலக் கூடாது. 14 கோபுரங்களையும் விளக்கினால் வெளியே வரும்போது ஒன்றும் மனதில் நிற்காது. தெற்குக் கோபுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 170 அடி, 1559-இல் எழுந்தது என்று சொல்லி, பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பார்க்கவிட்டால் போதும். கம்பத்தடி மண்டபத்தில் ஒரே ஒரு தூண்: மீனாட்சியின் கையைத் திருமால் சொக்கநாதருக்குத் தாரை வார்க்கும் சிற்பம். முகம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். மணப்பெண்ணின் தலை லேசாகக் குனிந்திருக்கும். அவள் கை நடுவில். அந்த ஒரு தூணுக்குக் கால் மணி கொடுக்காத வழிகாட்டி மற்ற தூண்களை ஓட்டிக் காட்டிப் பயனில்லை. ஆயிரங்கால் மண்டபத்தைக் கடைசிக்கு வைக்கலாம். கோவில் நடை திறந்த உடனே அது திறப்பதில்லை, டிக்கெட்டும் தனி. அங்கே உள்ள தூண்கள் 985. சரியான எண்ணைச் சொன்னால் குழந்தைகள் உடனே எண்ண ஆரம்பிப்பார்கள், அது நல்லதுதான். வடக்கு ஆடி வீதிப் பக்கம் உள்ள இசைத் தூண்களைக் காசாலோ சாவியாலோ தட்டிக் காட்டுவதை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தூணிலும் ஒரே கல்லில் செதுக்கிய 22 சிறு தண்டுகள். தட்டித் தட்டியே தேய்ந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பெரும்பாலான நடைகளில் விடுபடுகிற ஒரு தேதியும் இருக்கிறது: 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் தலைமையில், சாதியின் பெயரால் அதுவரை உள்ளே விடப்படாதவர்களில் சிலர், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்டோர், இந்தக் கோவிலுக்குள் நுழைந்த நாள். நாயக்கர் காலத்தோடு வரலாறு முடிந்துவிட்டது போலப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீயையும் சொல்லத்தான் வேண்டும். கோவிலுக்குள் கடைகள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

எட்டரைக்கு வெளியே வந்து காலைச் சாப்பாடு. அதை எட்டே முக்காலுக்கு மேல் தள்ளினால் நீரிழிவுக்காரர்கள் தடுமாறுவார்கள். பயணம் தொடங்கும் முன்பே ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

அடுத்தது கோவிலுக்குக் கிழக்கே இருக்கும் ஊர். உண்மையான நகர நடை இங்கேதான் ஆரம்பம், ஆனால் பலருக்கு இந்தப் பகுதி வெறும் கடைவீதி. திருமலை நாயக்கர் 1635-ஐ ஒட்டிக் கட்டிய புதுமண்டபம், அதற்குக் கிழக்கே முடிக்கப்படாமல் நின்றுபோன ராயகோபுரம், அம்மன் சன்னதிக்குக் கிழக்கே பாண்டியர் காலக் கோட்டையின் வாசல் என்று கருதப்படும் விட்டவாசல். மூன்றும் கூப்பிடு தூரத்தில். புதுமண்டபத்தில் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் இருந்த காலத்து நினைவில் வருகிறவர்களுக்கு, அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதைச் சொல்ல வேண்டும். உள்ளே விடுகிறார்களா என்று முதல்நாள் விசாரித்துக்கொள்வது வழிகாட்டியின் வேலை. ராயகோபுரத்தின் அடித்தளத்தையும் நிலைக்கல்லையும் நிமிர்ந்து பார்த்தால், கட்டி முடித்திருந்தால் தெற்குக் கோபுரத்தையே சிறிதாக்கியிருக்கும் என்பது புரியும். இப்போது அதைச் சுற்றிக் கடை. நின்று பார்க்க ஒரு கோணம்தான் உண்டு, அந்தக் கோணத்தில் பெரும்பாலும் ஒரு சரக்கு வண்டி நிற்கும்.

அங்கிருந்து கீழமாசி வீதி. மொத்த வியாபாரம் நடக்கிற தெரு, மூட்டை இறக்குகிற நேரம் காலைதான். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் இதில் குழுவை நடத்தக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை எண்ண வேண்டும். வீதியின் எந்தப் பக்கம் நடப்பது என்பதும் முக்கியம். வடக்கு தெற்காகப் போகிற வீதியில் காலையில் கிழக்கு ஓரமும் மாலையில் மேற்கு ஓரமும் நிழல். கிழக்கு மேற்கு வீதியில் குளிர்காலத்தில் பெரும்பாலும் தெற்கு ஓரம். இதைக் கவனித்து நடத்துகிற வழிகாட்டிக்கு ஊர் அத்துப்படி என்று நம்பலாம்.

விளக்குத்தூண் அருகே சந்துக்குள் இருக்கும் பத்துத்தூணுக்கு ஒன்பதரைக்கு முன்பே போய்விட வேண்டும். நாயக்கர் அரண்மனையின் மிச்சமான அந்தப் பிரம்மாண்டத் தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. கடை திறக்கும் முன் போனால் அடி முதல் உச்சி வரை தூண் தெரியும். கருங்கல்லைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கடை திறந்த பிறகு சேலைகளும் நைட்டிகளும் தொங்கும், இருசக்கர வண்டிகள் தூணை அணைத்து நிற்கும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அரைமணி நேர வித்தியாசத்தில் இரண்டும் வெவ்வேறு இடங்கள்.

விளக்குத்தூணையும் வெறும் பேருந்து நிறுத்தப் பெயராக விட்டுவிடக் கூடாது. 1830-களிலும் 40-களிலும் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக எழுந்தது அது. விசுவநாத நாயக்கர் காலத்து இரட்டை மதில் கோட்டை, 72 கொத்தளங்களோடு நின்றதை இடித்து ஊரை விரித்தவர் அவர். மதிலை உடைத்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த நிலம் என்று அறிவித்து வேலையை முடித்தார் என்பது வரலாறு. இடித்த இடத்தில் உருவான மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் அந்த வேலையில் ஈடுபட்ட அளவையாளர், மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே நிற்கும்போது காலடியில் இருப்பது தூர்த்த அகழி என்று சொல்லிப் பாருங்கள், குழு முழுக்கத் தரையைப் பார்க்கும்.

பத்து மணிக்குத் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் எழுந்த அரண்மனையில் இன்று இருப்பது கால் பங்கு போலத்தான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக மிஞ்சியதை, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இங்கேதான் நடந்தது. மகாலின் பெரிய மண்டபமான சொர்க்க விலாசத்தில் ஒரு மணி நேரம் தாராளமாக இருக்கலாம். நிழல் உண்டு, உட்கார இடம் உண்டு. மகாலிலிருந்து கோவிலுக்குச் சுரங்கப்பாதை ஓடுகிறது என்ற கதையை மட்டும் வழிகாட்டிகள் விட்டுவிட வேண்டும். அதற்கு ஆதாரம் காட்டியவர் யாருமில்லை. பதினொன்றுக்குப் பக்கத்துக் கீழவெளி வீதியில் மரியன்னை பேராலயம், பதினொன்றரைக்கு ஆட்டோ. மகாலிலிருந்து நடந்தே திரும்ப வேண்டும் என்று அடம் பிடிப்பதால் யாருக்கும் லாபமில்லை.

மதியம் சாப்பாட்டோடு ஜிகர்தண்டா சேர்ப்பது ஒரு பொதுவான தவறு. பாலும் ஐஸ்கிரீமும் கடற்பாசியுமாக அது தனியாக ஒரு வேளை உணவு. சாப்பாட்டுக்கு மோர் போதும். ஜிகர்தண்டா நாலரைக்கு, பருத்திப்பால் ஏழுக்கு. தண்ணீர், ஒரு ஆளுக்குக் காலையில் ஒரு லிட்டர், மாலையில் ஒரு லிட்டர்.

மாலை நடை மேற்குப் பக்கம். பெரியார் பேருந்து நிலையம் அருகே இடிபடாமல் தப்பிய கோட்டைக் கொத்தளத்தில் தொடங்கலாம். காலையில் சொன்ன இடிப்புக் கதைக்கு இது கண்ணால் பார்க்கும் சாட்சி. பக்கத்தில் கூடலழகர் கோவில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அதன் அஷ்டாங்க விமானத்தில் இருந்த, நின்ற, கிடந்த கோலங்கள் மூன்று தளங்களில். மேல்தளத்துக்கு அன்றைக்கு விடுவார்களா என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு குழுவிடம் சொன்னால் ஏமாற்றம் மிஞ்சாது. அருகிலேயே காஜிமார் பெரிய பள்ளிவாசல், மதுரையின் பழைய பள்ளிவாசல்களில் முதன்மையானது. அங்கே தொழுகை நேரத்தில் கூட்டமாகப் போய் நிற்பது முறையில்லை. பொறுப்பாளர்களிடம் முன்பே சொல்லி, பிற்பகல் தொழுகையான அஸருக்கும் அந்தித் தொழுகையான மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் போக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் தவிர்க்கலாம்.

மேலமாசி வீதியில் கதர்க்கடை இருக்கும் 251-ஏ எண் கட்டடத்துக்கு மேலேதான் காந்தி தங்கினார். 1921 செப்டம்பர் 22 அன்று, மேலாடையும் தொப்பியும் துறந்து அரை வேட்டியோடு வெளியே வந்தார். கூட்டத்தின் முன் முதலில் அப்படி நின்ற இடம் காமராசர் சாலையில் உள்ள காந்தி பொட்டல். இரண்டையும் ஒரே நடையில் சேர்ப்பது கஷ்டம், ஒன்று போதும். வைகைக்கு வடக்கே தமுக்கத்தருகில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்தையும், கிழக்கே வெகுதூரத்தில் உள்ள மாரியம்மன் தெப்பக்குளத்தையும் நடையில் சேர்த்து விளம்பரம் செய்கிறவர்கள் வரைபடத்தைப் பார்க்காதவர்கள்.

அதே மாசி வீதிப் பக்கம் மதனகோபால சுவாமி கோவில். அதன் மண்டபம் ஒன்று இன்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1912-இல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919-இல் அவை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் போயின. இந்தக் கோவில் வாசலில் நின்று அந்தச் செய்தியைக் கேட்கும் மதுரைக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரவு எட்டுக்கு மறுபடி கோவில், இம்முறை ஒன்பது மணி வாக்கில் நடக்கும் பள்ளியறைப் பூஜைக்காக. சொக்கநாதர் பாதம் வெள்ளிப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும். அந்த நேரத்தில் வழிகாட்டி வாயே திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை வெளியே சித்திரை வீதியில் உட்கார்ந்தே சொல்லிவிட வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் வாசகர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. குழுவில் எத்தனை பேர் (பன்னிரண்டுக்கு மேல் என்றால் கோவிலுக்குள் குரல் எட்டாது, அங்கே ஒலிபெருக்கி வைக்கவும் முடியாது). மகால், ஆயிரங்கால் மண்டப டிக்கெட் கட்டணத்தில் சேர்ந்ததா. வழிகாட்டியிடம் சுற்றுலாத் துறை அடையாள அட்டை உண்டா. தமிழில் நடத்துவார்களா, சொந்த ஊரைப் பார்க்க வருகிற குழந்தைகளுக்கும் ஆங்கிலத்தில்தான் விளக்கம் என்பது இங்கே சகஜமாகிவிட்டது. முக்கியமாக, வழியில் எந்தக் கடையிலாவது நிறுத்துவார்களா. கோவிலைச் சுற்றி 'மாடிக்கு வாங்க, கோபுரம் எல்லாம் தெரியும், காசு வேண்டாம்' என்று கூப்பிடுகிற கைவினைக் கடைகள் உண்டு. மாடியில் ஐந்து நிமிடம், கீழே கம்பளத்துக்கும் சால்வைக்கும் நடுவே நாற்பது நிமிடம். அங்கே வாங்குகிற பொருளின் விலையில் அழைத்து வந்தவரின் பங்கும் அடக்கம். நடை மலிவாக இருந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

கழிப்பறை பற்றி விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை, நடையில் பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். நம்பக்கூடியவை கோவில் வளாகம், மகால், சாப்பிடுகிற உணவகம், இந்த மூன்றே. இவற்றுக்கு இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாதபடிதான் மேலே சொன்ன வரிசை. நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் சித்திரை வீதியில் பேட்டரி வண்டி கிடைத்தால் ஏறிக்கொள்ளட்டும், குழு அவர்களுக்காகக் காத்திருக்கலாம்.

மாதமும் முக்கியம். பங்குனி முதல் ஆவணி வரை வெயில் கொளுத்தும், சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. ஐப்பசியில் மழை. கார்த்திகை, மார்கழியில் வெயில் தாழ்ந்தாலும் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் கோவில் வரிசை நீளும். பொங்கல் கழிந்து மாசி முடிய உள்ள நாட்கள்தான் சிறந்தவை, அதிலும் வெள்ளி, பௌர்ணமி, முகூர்த்த நாட்களை விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பது அதிகமில்லை. விட்டவாசல், பத்துத்தூண், மேற்குக் கொத்தளம் ஆகிய மூன்று இடங்களிலும் கட்டிய காலமும் கட்டியவரும் தெரியும்படி தமிழில் ஒரு கல்வெட்டுப் பலகை. பத்துத்தூணைச் சுற்றி ஐந்தடிக்கு வண்டி நிறுத்தத் தடை. கீழமாசி வீதிக்கும் மகாலுக்கும் நடுவே ஒரு நல்ல கழிப்பறை. பலகையில் எழுத்து கண்மட்டத்தில் இருக்க வேண்டும், தலைக்கு மேலே பத்தடியில் வைத்தால் விளம்பரத் தட்டி வந்து மூடிவிடும்.

இப்படிக்கு,
நகர நடைகளுக்கு வழிகாட்டுபவர்கள் சார்பாக,
மதுரை – 1